கிள்ளானில் பதிவு செய்த ‘ஓகேலா’

ஹரிணி, தருண்,

நான் மலேசியாவிலிருந்து வந்து பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் “இரட்டைக் கோபுரத்துல ஏறினியாப்பா?” என்று கேட்டீர்கள். ஏறவில்லை. வாடகைக் காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாதிக் கோபுரம் மேகத்துக்குள் இருந்தது. அந்த நாட்டில் நான் ஏறிய உயரமான இடம் என்றால், கிள்ளான் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சமையலறையில் கிடந்த முக்காலிதான். அலமாரியின் மேல் மைக் வைப்பதற்காக ஏறினேன். “இதுக்கா பிளேன்ல போனே?” என்று தருண் உதட்டைப் பிதுக்கினான். இதுக்குத்தான் போனேன். அதைக் கோர்வையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கவிதா அத்தை இத்தனை வருஷமாக மாடி அறையில் என்ன படிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாமல்தான் இருந்தது. ரஷ்யாவுக்குள், வோல்கா ஆற்றுக்குக் கிழக்கே, உட்முர்த் என்றொரு மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழி ரஷ்ய மொழிக்குச் சொந்தமில்லை. பின்லாந்து மொழி, ஹங்கேரி மொழி எல்லாம்தான் அதற்குத் தூரத்து உறவு. அந்தக் குடும்பத்துக்கு யூராலிக் என்று பெயர். அந்த மொழியின் வேற்றுமை உருபுகளைத்தான் அத்தை ஆராய்ச்சி செய்கிறாள்.

வேற்றுமை உருபு என்றதும் ஓடாதீர்கள். நானும் பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தவன்தான். அத்தை எனக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்குச் சொல்கிறேன். அம்மா, “தருண், பால் வாங்கிட்டு வா” என்கிறாள். வாங்கி வந்ததும், “பாலை அடுப்புல வை” என்கிறாள். முதலில் வெறும் பால், அடுத்தது பாலை. எங்கே ஐ வரும், எங்கே வராது என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் நீ தப்பு செய்வதில்லை. இதே கூத்து உட்முர்த் மொழியிலும் இருக்கிறதாம். பனியில் நடக்கிறவனும் மணப்பாறை வெயிலில் நடக்கிறவனும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. எப்படி இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்? எதுவரை ஒரே மாதிரி, எங்கே பிரிகிறார்கள்? அத்தையின் கேள்வி இதுதான்.

இதற்குப் புத்தகம் போதாது, அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த ஆள் வேண்டும். ரஷ்யாவுக்குப் போக அத்தைக்கு இப்போது வழியில்லை. அப்படியிருக்கும்போது கிள்ளானில் ஒருவர் இருப்பது தெரிந்தது. அங்கிருக்கிற தமிழ் டாக்டர் ஒருவர் இளவயதில் ரஷ்யாவில் படிக்கப் போய், ஓர் உட்முர்த் பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டி வந்திருக்கிறார். பெயர் கலீனா. கிள்ளானில் எல்லோருக்கும் அவர் கலா. தமிழ் பேசுவார். அத்தையின் ஆராய்ச்சியில் கடைசி அத்தியாயம் முழுக்க இந்த ஒரு மனுஷியை நம்பித்தான் இருந்தது.

புறப்படும் நேரம் பார்த்து அத்தை படியில் வழுக்கி வலது கையை உடைத்துக்கொண்டதுதான் உங்களுக்குத் தெரியுமே. “கட்டோட போவேன்” என்று ஒரே பிடிவாதம். மைக்கை யார் பொருத்துவது, ரிக்கார்டரை யார் கவனிப்பது என்று அப்பத்தா கேட்டதற்கு, “மைக் செட் வச்சிருக்கிற அண்ணன் எதுக்கு இருக்கான்?” என்றாள். கல்யாண சீசன் இல்லாத நேரம். கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

தங்கியது பிரிக்பீல்ட்ஸில். கோலாலம்பூரின் நடுவில் தமிழர்கள் நிறைந்த இடம். திருச்சிக் கடைவீதியைக் கழுவித் துடைத்து, நடுவானத்தில் ஒரு ரயிலையும் ஓட விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நடைபாதையில் புடைப்பு வைத்த மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கண் தெரியாதவர்கள் அதைக் கைத்தடியால் தடவிக்கொண்டே நடக்கிறார்கள். வேகமாக நடக்கிறார்கள், நான்தான் இரண்டு முறை அவர்கள் வழியில் நின்றேன். நம் ஊரில் நடைபாதையில் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைக்கிறவன் நான். இனிமேல் வைக்க மாட்டேன்.

மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. பாகற்காயை அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று பொரித்து வைத்தார்கள். ஹரிணி, நீயே தின்பாய். பரிமாறியவர் வந்து, “அண்ணே, தண்ணி என்னா?” என்றார்.

“சாதாத் தண்ணி போதும்ப்பா.”

“அது வருதுண்ணே. குடிக்க என்னா வேணும்? தே தாரிக்கா, மைலோவா?”

குடிக்கிற எல்லாமே அங்கே தண்ணிதான். தே தாரிக் என்பது நம் ஊர் டீயை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி, நுரையோடு தருவது. சர்க்கரை தாராளம். காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்கிறார்கள். நாம் டிஃபன் என்கிறோம். கடல் தாண்டிப் போனவர்கள் இன்னும் பசியாறுகிறார்கள்.

மறுநாள் கிள்ளானுக்கு ரயில். அங்கேதான் நான் மானத்தைக் கப்பலேற்றினேன். பெட்டி வெளியே இளஞ்சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று ஏறிவிட்டேன். மைக் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்தால் சுற்றிலும் பெண்கள். முக்காடு போட்ட ஓர் அம்மாள் மலாயில் என்னவோ பணிவாகச் சொன்னார். நான் சிரித்தேன். அவரும் சிரித்து, திரும்பவும் அதையே சொன்னார். மூலையிலிருந்து ஒரு தமிழ்க் குரல், “அண்ணே, இது லேடீஸ் கோச்சு. அவங்க ரெண்டு தடவை சொல்லிட்டாங்க, இன்னும் சிரிச்சிட்டே நிக்கிறீங்க!” என்றது. பெட்டி முழுக்கச் சிரிப்பு. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் அண்ணனே இல்லையாம்.

அடுத்த பெட்டிக்கு ஓடினேன். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டியம்மா போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று எதிரில் இருந்தவரிடம் கேட்டேன். “மீனுக்கு நீ உப்புப் போடாத, நான் வந்து போடறேன், நீ போட்டா அது கடல்லயே இருந்திருக்கலாம்ங்கறாங்க” என்றார். அதை ரசித்துக்கொண்டே இருந்தேனா, ஓர் ஊரில் கூட்டமாக இறங்கினார்கள். இவ்வளவு பேர் இறங்கினால் அது கிள்ளானாகத்தான் இருக்கும் என்று நானும் இறங்கிவிட்டேன். அது ஷா ஆலம். ரயில் போய்விட்டது, அத்தையோடு. ரிக்கார்டர், மைக், ஸ்டாண்ட் எல்லாம் என்னிடம்.

நடைமேடையில் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர், “பாஸ், எங்க போகணும்?” என்றார். சொன்னேன். “ஒண்ணும் பயம் இல்ல. அடுத்தது வரும், உக்காருங்க” என்று கையிலிருந்த கறிபாப்பைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தார். உருளைக்கிழங்கு மசாலா வைத்த சமோசாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா? எங்க தாத்தாவும் ஊர்தான். எந்த ஊருன்னுதான் தெரியல” என்றார். அங்கே ‘ஊர்’ என்றால் தமிழ்நாடு. கறிபாப்பை மென்றேன்.

கிள்ளானில் கலா அக்காவின் வீடு ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் இருந்தது. கதவைத் திறந்தவருக்கு வெளுத்த முடி, சாம்பல் நிறக் கண், நெற்றியில் பொட்டு. பூ அச்சடித்த பாத்தேக் துணியில் தைத்த நீளச் சட்டை.

“வாங்கலா, வாங்க. ட்ரெய்ன்ல தொலைஞ்சு போன அண்ணன் இவங்கதானா?”

அத்தை எனக்கு முன்பே வந்து எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. அந்த ‘லா’ அங்கே எல்லோர் பேச்சிலும் வாலாக ஒட்டிக்கொள்ளும்.

வேலையை ஆரம்பித்தோம். ஃபேன் சத்தம் பதிவில் விழும் என்று நான் அதை நிறுத்தச் சொன்னேன். “ஃபேன அடைக்கணுமா? நான் ஐஸ்ல பொறந்தவ அண்ணே, உருகிருவேன்” என்று சொல்லிக்கொண்டே அடைத்துவிட்டு, செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டார். அந்தத் தாளின் சத்தமும் விழும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் கீழே வைத்தார்.

முறை என்னவென்றால், அத்தை தாள் தாளாக உட்முர்த் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் படிப்பாள். இப்படிச் சொல்லலாமா, கூடாதா என்று கலா அக்கா சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தப்பான வாக்கியங்களையும் கலந்து வைத்திருப்பாள். தப்பு என்று வந்தால் அடுத்ததற்குப் போய்விடுவாள். சரி என்று வந்தால், அதையே சொல்லை மாற்றி, உருபை மாற்றி, முன்பின்னாகப் புரட்டி இன்னும் நாலைந்து விதமாகக் கேட்பாள். தப்பான வாக்கியத்தின் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவது இவர்கள் வழக்கம். பள்ளியில் நன்றாக எழுதினால்தானே நட்சத்திரம்? இங்கே தப்புக்குத்தான். அத்தையின் வலது கையில் கட்டு இருந்ததால் நட்சத்திரம் போடும் வேலை என்னுடையது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் வாக்கியத்துக்குத் தப்பு என்று வந்தது; ஒரு நட்சத்திரம் போட்டேன், அத்தை அடுத்ததற்குப் போய்விட்டாள்.

“ஓகேலா,” என்றார் கலா அக்கா. அடுத்ததற்கும், “ஓகேலா.” அதற்கடுத்ததற்கு, “இதுவும் சொல்லலாம்.” அதற்குமேல் அன்று முழுக்க என் பேனாவுக்கு வேலையே வரவில்லை.

ஹெட்போனில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. சில ‘ஓகேலா’வுக்கு முன்னால் ‘ச்’ என்று ஒரு சின்னச் சத்தம். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் எச்சில் சத்தம் விழுகிறது என்று நினைத்து மைக்கைத் தள்ளி வைத்தேன். சத்தம் போய்விட்டது. தொழில் தெரிந்தவன் என்று எனக்கு ஒரே பெருமை.

அத்தையோ தரையில் கால் பாவாமல் நடந்தாள். இப்படிச் சொல்லவே முடியாது என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதியிருக்கும் வாக்கியங்களுக்கெல்லாம் கலா அக்கா சரி சொல்லியிருக்கிறாராம். “புத்தகம் எழுதினவங்களுக்கே இது தெரியாதுண்ணே. தமிழ்ல மாதிரியே அங்கயும் செய்யறாங்க. நான் நினைச்சதைவிட ரொம்ப தூரம் ஒண்ணாப் போகுது” என்று ரயிலில் கை ஆட்டிப் பேசினாள். கட்டுப் போட்ட கையையும் சேர்த்து ஆட்டினாள். வரும்போது கிள்ளான் பூக்கடையில் முழம் மல்லிகை வாங்கி எனக்கே ஒரு துண்டு கொடுத்தாள். நான் எங்கே வைத்துக்கொள்ள? மைக் ஸ்டாண்டுக்குச் சுற்றினேன்.

அடுத்த நாளும் அப்படியே போனது. அதற்கடுத்த நாள் காலையில் அத்தை தாளுக்குள் ஒரு வாக்கியத்தைப் புதிதாக நுழைத்தாள். ஆள் அசந்துபோய்ச் சொல்கிறாரா, கவனித்துத்தான் சொல்கிறாரா என்று பார்க்க அப்படி ஒன்று வைப்பார்களாம். தமிழில் சொன்னால், ‘வீட்டால் பால் என்னைக் குடித்தான்’ என்பது போன்ற வாக்கியம். சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

அத்தை படித்தாள். கலா அக்கா ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, “ஓகேலா. சொல்லலாம்” என்றார்.

அத்தை தாளை இறக்கி அவரைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தைப் படித்து முடித்தாள். கலா அக்கா டப்பாவில் கட்டிக் கொடுத்த பலகாரத்தை வாங்கிக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸ் கடையில் ரொட்டி சானாய் வந்து ஆறிப்போனது. அடுக்கடுக்காகப் பிரியும் நம் பரோட்டா மாதிரிதான். பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும். அவள் அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு கவி?”

“எல்லாம் போச்சுண்ணே.”

“ஏன்? அவங்க சரின்னுதானே சொன்னாங்க? டேப்புல இருக்கே.”

“இருக்கு. ஆனா எது நெசம், எது சும்மா சொன்னதுன்னு தெரியல. அந்த ஒண்ணுக்குச் சரின்னா, மத்த எதை நான் நம்பறது?”

நான் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது? அந்தப் பாஷை தெரிஞ்சவன் எத்தனை பேரு உன் புத்தகத்தப் படிக்கப் போறான்? ஆதாரத்துக்கு அவங்க குரலே இருக்கு” என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். “கல்யாண வீட்டுல பின்வரிசைக்குச் சத்தம் கேக்கலைன்னா, முன்வரிசைக்குக் கேக்குதேன்னு காசு வாங்கிட்டு வந்துருவியா?”

நான் ரொட்டியைத் தின்றேன். அவளே சொன்னாள்: “நான்தான் ஏதோ தப்பா நடந்துக்கிட்டேன் போல. வாத்தியாரம்மா மாதிரி கேட்டிருப்பேன். மறுத்துச் சொல்ல அவங்களுக்குக் கூச்சம். பக்கத்துல இன்னொரு ஆள்கூடக் கெடையாதுண்ணே, வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்?” உங்கள் அத்தை அழுது நான் பார்த்தது ரொம்பக் குறைவு. கை உடைந்தபோதுகூட அழவில்லை.

மறுநாள் காலை கிள்ளான் ஸ்டேஷனுக்குக் காரோடு டாக்டரே வந்துவிட்டார். கலா அக்காவின் கணவர் சிவநேசன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. “பசியாறிட்டீங்களா? பசியாறலன்னாலும் பரவால்ல, வீட்டுல ஒரு ஊருக்கே மாவு பிசைஞ்சு வச்சிருக்கா” என்றார். கார் நகர்ந்ததும் கண்ணாடியில் பார்த்து, “மேடம், அந்தப் பேப்பரு இன்னும் எவ்ளோ பாக்கி இருக்கு?” என்று கேட்டார்.

“ஏன் டாக்டர்? அக்காவுக்குச் சிரமமா இருக்கா?”

“சிரமமா! அது முடிஞ்சிருமோன்னுதான் அவளுக்குக் கவலை. நேத்து எங்கிட்ட சொல்றா, ‘நான் தப்புன்னு சொன்னா கவி பக்கத்த திருப்பிருது. ஓகேன்னா இன்னும் நாலு வாட்டி பேசுது’ன்னு. அதான் எல்லாத்துக்கும் ஓகே போட்டுக்கிட்டே இருக்காளாம். ஆளு எவ்ளோ கெட்டிக்காரி பாத்தீங்களா?” ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. “என்னா மேடம்? நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?”

“இல்ல டாக்டர். நல்லதுதான் சொன்னீங்க,” என்றாள் அத்தை.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “அவங்க அம்மா இருந்த வரைக்கும் டெய்லி போன்ல பேசிரும். போன வருசம் அவங்க போய்ட்டாங்க. இவ அக்கா பிள்ளைங்களுக்கெல்லாம் ரஷ்யன்தான் வருது. நானும் அங்க படிக்கிறப்ப ரஷ்யன்தான் கத்துக்கிட்டேன், இவ பாஷைல ஒரு வார்த்தை தெரியாது. பையன் பினாங்குல இருக்கான், அவனுக்கு இங்கிலீஷும் தமிழும். நீங்க வந்து அந்தப் பாஷைல வாயத் தெறந்தீங்க பாருங்க, அன்னிக்குச் சாயங்காலம் அவ எங்கிட்ட பேசவே இல்ல. சும்மா தோட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தா.”

சாலையோரம் ஒரு லோரியில் அன்னாசிப்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நிறுத்தி ஒன்று வாங்கினார். நம் ஊர்ப் பழத்தைவிட இனிப்பு.

அன்று அத்தை பையிலிருந்து தாளை எடுக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். “இன்னிக்குப் பேப்பர் இல்லக்கா. எனக்கு அந்தக் காது ரொட்டி செய்யக் கத்துக் குடுங்க. மைக் ஒரு ஓரமா இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்லா,” என்றார் கலா அக்கா. அப்போதுதான் நான் முக்காலியில் ஏறினேன்.

காது ரொட்டி என்பது அவர்கள் ஊர்ப் பலகாரம், முந்தின நாள் டப்பாவில் கட்டிக் கொடுத்தாரே, அதுதான். பெல்ஞான் என்கிறார்கள். பெல் என்றால் காது, ஞான் என்றால் ரொட்டி. மைதா மாவை அப்பளமாகத் தேய்த்து, நடுவில் கொத்திய கோழிக்கறி வைத்து, காது மாதிரி மடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பது. அவர்கள் ஊரில் புளித்த பாலாடையோடு சாப்பிடுவார்களாம். டாக்டர் மிளகாய்ச் சம்பல் தொட்டுக்கொள்கிறார். அத்தையால் ஒற்றைக் கையால் மடிக்க முடியாது. நான் மடித்தேன். கலா அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தார். “அண்ணே, இது காது இல்ல. மூக்கு.”

மடிக்கத் தெரியாத அத்தை பேசினாள். உட்முர்த் மொழியில், மாவைப் பற்றி, உப்பைப் பற்றி, தண்ணீர் கொதிப்பதைப் பற்றி. புத்தகம் பார்த்துக் கற்ற பேச்சு, தட்டித் தடுமாறிப் போனது. அவள் என்னவோ ஒன்று சொல்ல, கலா அக்கா மாவுக் கையைத் தூக்கிக்கொண்டு, “தப்பு! ஐயோ தப்பு! அப்படிச் சொன்னா எங்கம்மா கரண்டியாலயே போடுவாங்க!” என்று கத்தினார். கத்திவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

“அக்கா,” என்றாள் அத்தை, “நீங்க தப்புன்னு சொன்னாலும் நான் போயிற மாட்டேன்.”

கலா அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அவர் சொல்லிட்டாரா? அந்த மனுசன் வாய்க்குப் பூட்டே கெடையாது.” கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். “எனக்குத் தெரியும் கவி, நெறைய தப்புன்னு. நீ ரொம்ப மோசமா பேசற. ஆனா நீ அத வேற மாதிரி, இன்னும் வேற மாதிரின்னு கேட்டுக்கிட்டே இருப்ப இல்ல? என்னா இருந்தாலும் அது எங்க வீட்டுப் பேச்சு. காதுல விழுந்துகிட்டே இருந்துச்சு. நிப்பாட்ட மனசு வரல.”

தண்ணீர் கொதித்தது. யாரும் எதையும் போடவில்லை.

“உன் வேலைய கெடுத்துட்டனா?”

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அத்தை, “கெடுத்துட்டீங்கக்கா” என்றாள். பிறகு, “சரி பண்ணிரலாம். நாளைக்கு இருக்கு” என்றாள். கலா அக்கா அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் மேலும் மாவு. நான், “தண்ணி வத்துது” என்றேன்.

அன்று மாலை அத்தை பழைய பதிவுகளைக் கேட்டாள். முதல் நாள் பதிவில், நான் மைக்கைத் தள்ளி வைப்பதற்கு முன்னால், அந்த ‘ச்’ இருந்தது. “இது எச்சில் இல்லண்ணே. அவங்க வாய் முதல்ல மறுத்திருக்கு, அப்புறம்தான் ஓகே சொல்லியிருக்கு” என்றாள். நான் மைக்கை ஆயிரம் முறை நகர்த்தியிருக்கிறேன். நகர்த்தியதற்காக வருத்தப்பட்டது அன்றுதான்.

கடைசி நாள். தாள்களை முதலிலிருந்து எடுத்தார்கள். ஆனால் இந்தத் தடவை கலா அக்கா நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, ஹெட்மாஸ்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். “தப்பு. அடுத்தது. தப்பு. இத யாரு எழுதினது? இது சரி, ஆனா சாமி கும்புடறப்பதான் இப்படிப் பேசுவோம். தப்பு!” நான் நட்சத்திரம் போட்டுக்கொண்டே இருந்தேன். புத்தகம் எழுதியவர்களுக்கே தெரியாது என்று அத்தை துள்ளிய கண்டுபிடிப்பெல்லாம் மத்தியானத்துக்குள் நட்சத்திரமாகிப் போனது. ஒவ்வொன்று விழும்போதும் நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். வலித்தது அவளுக்கு, தெரிந்தது. ஆனாலும் “ஏன் தப்பு? எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சரிக்கு மட்டும் கேட்ட கேள்விகளை இப்போது தப்புக்கும் கேட்டாள். கலா அக்கா விளக்க விளக்க, தாளில் இல்லாத வாக்கியங்கள் எல்லாம் வந்து விழுந்தன.

மூன்றாவது தாளைத் தொடும்போது மழை வந்துவிட்டது. அங்கே சாயங்கால மழை நம் ஊர் மாதிரி தூறி, யோசித்து, வருவதில்லை; அண்டாவைக் கவிழ்த்த மாதிரி வருகிறது. கார் நிற்கும் தகரக் கூரை அதிர்ந்தது. என்ன வைத்தாலும் பதிவாகாது என்று நான் ரிக்கார்டரை நிறுத்தினேன். மூன்று பேரும் அன்னாசிப்பழம் தின்றுகொண்டு மழையைப் பார்த்தோம். தாள்களில் பாதிகூட முடியவில்லை. எங்களுக்கு மறுநாள் விமானம்.

“மிச்சம் என்னா செய்வ?” என்றார் கலா அக்கா.

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூப்பிடறேன்க்கா. போன்ல முடிப்போம்.”

கலா அக்கா தலையாட்டினார். ஒரு துண்டு பழத்தை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “முடிஞ்சப்புறம்?”

“முடிஞ்சப்புறமும் கூப்பிடுவேன். நான் எப்ப ஒழுங்காப் பேசக் கத்துக்கறது?”

“அதுக்கு ரொம்ப வருசம் ஆகும்லா,” என்றார் கலா அக்கா. பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவுதான் நான் மலேசியா போன கதை. அத்தை இந்த வருஷம் டாக்டர் பட்டம் வாங்க மாட்டாள். கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும். அவளுடைய பேராசிரியரிடம் அதைச் சொல்லியும் விட்டாள். ஊரில் யாராவது “இன்னுமா படிக்கிறா?” என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் டிவியை நிறுத்திவிடுங்கள். அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன், அந்நேரம் மிக்சி ஓடாது. தருண், மாடிப்படியில் பந்தைத் தட்டாதே. அத்தையின் அறைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் “தப்பு! தப்பு! தப்பு!” என்று கத்தும். சண்டை என்று நினைத்துப் போய்க் கதவைத் தட்டிவிடாதீர்கள். அத்தைக்கு அன்று வேலை நன்றாக நடக்கிறது.